வீடு வாடகைக்கு... ஆனா யாருக்கு?

திருக்கழுக்குன்றத்தில் வேதகிரீஸ்வரர் மலையைச் சுற்றி வருபவரிடம் யாரும் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பதில்லை. வாடகைக்கு வீடு தேடி வந்தால்? இந்த ஊர் என்றில்லை, தமிழ்நாடு முழுக்க அந்தக் கேள்வி வந்துவிடும். கூடவே "கவிச்சி சாப்பிடுவீங்களா?", "கல்யாணம் ஆயிடுச்சா?" வாடகை எவ்வளவு என்ற பேச்சே அப்புறம்தான்!

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கடன் வாங்கிக் கட்டிய வீடு. வாடகை வராவிட்டால் காலி செய்ய வைக்க அலைய வேண்டும். அதனால் வேலை, சம்பளம், அட்வான்ஸ் பற்றிக் கேட்பது தப்பே இல்லை. ஆனால் சாதியும் மதமும் வாடகை ஒழுங்காக வருமா என்று சொல்லிவிடுமா என்ன?

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சட்டத்தின் 15(2) கடை, ஓட்டல், பொதுக் கிணறு என்று பட்டியல் போடுகிறது, வாடகை வீடு அதில் இல்லை. குஜராத்தில் ஒரு வீட்டு வசதி சங்கம் பார்சிகளை மட்டுமே உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று 2005ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. 2019ல் தமிழ்நாட்டில் அமலுக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. யாருக்கு வீடு மறுக்கக் கூடாது என்பதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அதற்காக "என் வீடு, என் இஷ்டம்" என்றும் சொல்லிவிட முடியாது. தீண்டாமையைக் காரணமாக வைத்து ஒருவரைக் குடியிருக்க விடாமல் தடுப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வீடு மறுக்கக் கூடாது என்று 2017 சட்டமும், திருநங்கையர், திருநம்பியருக்கு மறுக்கக் கூடாது என்று 2019 சட்டமும் சொல்கின்றன. ஆனால் எப்படி நிரூபிப்பது? "இப்பதாங்க வேற ஒருத்தருக்குப் பேசி முடிச்சோம்" என்று ஒரு வார்த்தை போதுமே!

அமெரிக்காவில் 1968ல் ஒரு நடுவழி கண்டார்கள். இனம், மதம் பார்த்து வீடு மறுக்கக் கூடாது. நான்கு குடித்தனம் வரை உள்ள வீட்டில் உரிமையாளரும் குடியிருந்தால் பெரும்பாலும் விலக்கு உண்டு. ஆனால் அவரும் "இன்னாருக்கு மட்டும்" என்று விளம்பரம் செய்யக் கூடாது.

இங்கேயும் அப்படி ஆரம்பிக்கலாம். தான் குடியிருக்கும் வீட்டில் யாரோடு இருப்பது என்பது சொந்த விஷயம். ஆனால் நான்கைந்து வீடு கட்டி வாடகைக்கு விடுவது வியாபாரம். சாதி கேட்டுச் சோறு போடும் ஓட்டலை நாம் ஒத்துக்கொள்வதில்லை. சாதி கேட்டுச் சாவி கொடுப்பதை மட்டும் ஏன் ஒத்துக்கொள்கிறோம்?