லண்டன்: எது டிக்கெட், எது ஓசி?

'ஓசி' என்ற சொல் எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் தபால்களில் 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்று முத்திரை குத்தியிருக்குமாம். அதற்குத் தபால் செலவு கிடையாதாம். அந்த முதலெழுத்துகள்தான் மெட்ராஸில் ஓ.சி. ஆகி, பிறகு ஓசிச் சாப்பாடு, ஓசி பேப்பர், ஓசி சினிமா என்று பரவியதாம். கதை நிஜமோ இல்லையோ, அந்தக் கம்பெனியின் தலைமை அலுவலகம் இருந்த ஊர் லண்டன். லெடன்ஹால் தெருவில் அது இருந்த இடத்தில் இப்போது லாய்ட்ஸ் இன்சூரன்ஸ் கட்டடம் நிற்கிறது. ஓசியைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

லண்டனில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம். பிக் பென், டவர் பிரிட்ஜ், பக்கிங்ஹாம் அரண்மனை, லண்டன் ஐ, மியூசியம்கள். எந்த டிராவல்ஸ்காரரைக் கேட்டாலும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். ஆனால் முதல்முறை போகிறவரைக் குழப்புவது வேறு ஒரு விஷயம். சாமி கும்பிடுகிற சர்ச்சுக்குள் நுழைய டிக்கெட். வான்கோ வரைந்த சூரியகாந்திப் பூக்களைப் பார்க்க டிக்கெட் இல்லை. இது என்ன கணக்கு?

கணக்கு இருக்கிறது. வாசலில் டிக்கெட் கவுண்டர் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே அந்த இடம் யாருடையது, யார் காசில் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். பி.காம். படிக்கிறவர்களுக்கு லண்டன் ஒரு நல்ல பாடப்புத்தகம்.

முதலில் அந்த சர்ச். வெஸ்ட்மின்ஸ்டர் அபே. 1066ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று முதலாம் வில்லியம் முடிசூடியதிலிருந்து இங்கிலாந்து மன்னர்களுக்கு முடிசூட்டு விழா அங்கேதான். நியூட்டன், டார்வின் இருவரையும் புதைத்த இடம். 2018ல் ஸ்டீபன் ஹாக்கிங்கின் சாம்பலும் அங்கேதான் வைக்கப்பட்டது. இத்தனை பெருமை இருந்தும் அரசோ, அரச குடும்பமோ, இங்கிலாந்து திருச்சபையோ அதன் அன்றாடச் செலவுக்குப் பணம் தருவதில்லை. வருகிறவர்கள் கொடுக்கும் கட்டணம்தான் பெரிய வருமானம். ஆனால் வழிபாட்டுக்குப் போகிறவர்களிடம் காசு வாங்குவதில்லை. பெரும்பாலான நாட்களில் மாலையில் பாடகர் குழு பாடும் 'ஈவன்சாங்' என்ற வழிபாடு நடக்கும். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். சுற்றிப் பார்க்க முடியாது, ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே அந்தப் பாட்டைக் கேட்கலாம். இந்த ஊரின் மிகச் சிறந்த ஓசி இதுதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

பக்கிங்ஹாம் அரண்மனையின் கதை இன்னும் சுவாரசியம். 1993 வரை பொதுமக்கள் அதை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். 1992 நவம்பரில் வின்ட்சர் கோட்டையில் தீப்பிடித்தது. பழுது பார்க்கும் செலவை அரசே ஏற்கும் என்று முதலில் சொன்னார்கள். மக்கள் கொதித்துப்போனார்கள். உலகப் பணக்காரப் பெண்மணிகளில் ஒருவரின் வீட்டுக்கு எங்கள் வரிப்பணமா என்ற கேள்வி. விளைவு, 1993 கோடையில் பக்கிங்ஹாம் அரண்மனையின் கதவு டிக்கெட்டுக்குத் திறந்தது. பழுது பார்க்க ஆன மொத்தச் செலவு சுமார் 3.65 கோடி பவுண்டு. அதில் ஏறத்தாழ 70 சதவீதம் அரண்மனை டிக்கெட், வின்ட்சர் நுழைவுக் கட்டணம் ஆகியவற்றில் இருந்தே வந்தது. 1997ல் வேலை முடிந்தது. டிக்கெட் கவுண்டரை மட்டும் மூடவில்லை. சுங்கச்சாவடிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது :-)

டவர் ஆஃப் லண்டனும் இப்படித்தான். அரசிடமிருந்தோ அரச குடும்பத்திடமிருந்தோ மானியம் வாங்காத ஓர் அறக்கட்டளை அதை நடத்துகிறது. டிக்கெட் விலை கொஞ்சம் கையைக் கடிக்கும். உள்ளே எல்லோரும் ஓடுவது கிரீடங்களைப் பார்க்க. முக்கியமான கிரீடங்களுக்குப் பக்கத்தில் தரையே நகர்ந்து ஆட்களைத் தள்ளிக்கொண்டு போய்விடும். திருப்பதியில் 'ஜருகண்டி' சொல்ல ஆள் இருக்கிறார்கள், இங்கே மெஷின். அவ்வளவுதான் வித்தியாசம். அங்கேதான் கோஹினூரும் இருக்கிறது. 1849ல் லாகூர் ஒப்பந்தத்தின்படி துலீப் சிங் அதை விக்டோரியாவுக்கு 'ஒப்படைத்தார்'. அப்போது அவருக்கு வயது 10. மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று பிசினஸ் லா பேப்பரில் படித்தவர்கள் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்க ஆசைப்படுவார்கள். தரை நிற்க விடாது.

லண்டன் ஐ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2000ஆவது ஆண்டில் திறந்த 135 மீட்டர் ராட்டினம், சுற்றி வர அரை மணி நேரம், 32 பெட்டிகள், 13ஆம் நம்பர் மட்டும் கிடையாது. ஐந்து வருடத்துக்கென்று வைத்தது, 2024ல் நிரந்தர அனுமதியே வாங்கிவிட்டது. முழுக்க வியாபாரம். உயரத்திலிருந்து பார்க்க ஆசை, ஆனால் பட்ஜெட் இல்லை என்பவர்கள் பிரிம்ரோஸ் ஹில் மேட்டில் ஏறினால் போதும்.

டவர் பிரிட்ஜ் அப்படியல்ல. 1894ல் திறந்தது. அதையும் சேர்த்து தேம்ஸ் நதியின் ஐந்து பாலங்களைப் பராமரிப்பது ஓர் அறக்கட்டளை. அதன் வேர் 13ஆம் நூற்றாண்டுக்குப் போகிறது. பழைய லண்டன் பாலத்தில் வசூலித்த சுங்கம், பாலத்தின் மேலேயே இருந்த வீடுகள், கடைகளின் வாடகை, பக்தர்கள் எழுதி வைத்த சொத்துகள் என்று சேர்ந்த பணம். எழுநூறு வருடங்களுக்கும் மேலாக அதை யாரும் விழுங்காமல் முதலீடு செய்து வைத்திருக்கிறார்கள். வரிப்பணம் ஒரு பைசா வேண்டியதில்லை. உயரமான பாய்மரக் கப்பல் வருகிறது என்று 24 மணி நேரம் முன்பே எழுதிக் கொடுத்தால் பாலத்தை இலவசமாகவே தூக்கிவிடுவார்கள். மேலே உள்ள கண்ணாடி நடைபாதைக்குத்தான் காசு. 1952 டிசம்பரில் 78ஆம் நம்பர் பஸ் ஒன்று போய்க்கொண்டிருக்கும்போதே பாலம் தூக்க ஆரம்பித்துவிட்டது. டிரைவர் ஆல்பர்ட் கன்டர் பிரேக் போடாமல் வேகத்தைக் கூட்டி அந்தப் பக்கம் தாவிவிட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் உயிர் பிழைத்தார்கள். அவருக்குக் கிடைத்த பரிசு 10 பவுண்டு. நிர்வாகம் என்றால் எந்த நாட்டிலும் நிர்வாகம்தான்.

சரி, இப்போது உண்மையான ஓசிக்கு வருவோம். மியூசியம்கள்.

டிராஃபால்கர் சதுக்கத்தில் இருக்கும் நேஷனல் கேலரி 1824ல் தொடங்கியது. ஆங்கர்ஸ்டீன் என்ற பணக்காரரின் 38 ஓவியங்களை 57,000 பவுண்டுக்கு நாடாளுமன்றம் வாங்கியது. 1838ல் இப்போதைய இடத்துக்கு வந்தது. ஏன் அந்த இடம்? மேற்கு லண்டன் பணக்காரர்கள் குதிரை வண்டியில் வரலாம், கிழக்கு லண்டன் ஏழைகள் நடந்தே வரலாம். இரண்டு லண்டனும் சந்திக்கும் இடம் என்று யோசித்து வைத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் குண்டுக்குப் பயந்து எல்லா ஓவியங்களையும் வேல்ஸ் மலைச் சுரங்கத்தில் ஒளித்து வைத்தபோதும், 1942லிருந்து மாதம் ஓர் ஓவியத்தை மட்டும் லண்டனுக்குக் கொண்டுவந்து மாட்டினார்கள். அந்த ஒன்றைப் பார்க்கவும் கூட்டம் வந்தது.

ஆனால் இலவசம் என்பது தானாக நிலைத்த ஒன்றல்ல. 1974ல் தேசிய மியூசியங்களில் கட்டணம் கொண்டுவந்தார்கள். சுமார் மூன்று மாதம்தான், ஆட்சி மாறியதும் போய்விட்டது. 1980களின் பிற்பகுதியில் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம், சயன்ஸ் மியூசியம் எல்லாம் டிக்கெட் போட ஆரம்பித்தன. பிரிட்டிஷ் மியூசியமும் நேஷனல் கேலரியும் பிடிவாதமாக இலவசமாகவே இருந்தன. அந்தப் பிடிவாதத்துக்கு அவை கொடுத்த விலைதான் இந்தக் கதையில் காமர்ஸ்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம்.

பிரிட்டனில் வாட் வரி உண்டு. விற்கும்போது வசூலித்த வரியிலிருந்து, வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டியில் இன்புட் டாக்ஸ் கிரெடிட் என்று உருப்போடுகிறோமே, அதேதான். ஆனால் கழிக்க வேண்டுமென்றால் நீங்கள் 'வியாபாரம்' செய்பவராக இருக்க வேண்டும். டிக்கெட் விற்கிற மியூசியம் வியாபாரம் செய்கிறது. கதவைத் திறந்து வைத்து 'வாங்க, பார்த்துட்டுப் போங்க' என்கிற மியூசியம் வியாபாரம் செய்யவில்லை. அதனால் பத்து லட்சம் பவுண்டுக்குக் கூரை வேலை பார்த்தால், அப்போதிருந்த 17.5 சதவீத வாட் 1,75,000 பவுண்டை டிக்கெட் மியூசியம் திரும்ப வாங்கிக்கொள்ளும், இலவச மியூசியம் கையிலிருந்து கட்ட வேண்டும். அதாவது ஓசியாக உள்ளே விட்டதற்கு அபராதம்! இந்த ஒரு காரணத்துக்காகவே டிக்கெட் போட்டால் என்ன என்று கணக்குப் பிள்ளைகள் யோசிக்க வேண்டி வந்தது. கடைசியில் 2001 நிதிச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, இலவச மியூசியங்களும் வாட்டைத் திரும்பப் பெறலாம் என்று மாற்றினார்கள். 2001 டிசம்பர் 1 முதல் தேசிய மியூசியங்கள் எல்லோருக்கும் இலவசம். முன்பு டிக்கெட் விற்ற மியூசியங்களுக்குப் பத்தே ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேல் ஆட்கள் வந்தார்கள். ஒரு பட்ஜெட் பிரிவு பள்ளிப் பிள்ளைகளை டைனோசர் எலும்புக்கூட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது என்றால் நம்புவதற்குக் கஷ்டம்தான்.

இலவசம் என்றால் யாரும் கொடுக்கவில்லை என்று அர்த்தமில்லை. மான்செஸ்டரில் பஸ் ஓட்டுகிறவரின் வரிப்பணத்தில்தான் வெளிநாட்டு டூரிஸ்ட் சூரியகாந்தியைப் பார்க்கிறார். இது நியாயமா என்று அங்கே அடிக்கடி வாக்குவாதம் நடக்கும். டூரிஸ்டுகளிடம் மட்டும் வாங்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். தாஜ்மஹாலில் வெளிநாட்டவருக்குத் தனி ரேட் வைத்திருக்கும் இந்தியர்கள் இதில் கருத்துச் சொல்லாமல் இருப்பது நல்லது.

இதற்கு மேலும் ஒரு கேள்வி இருக்கிறது. காட்டுகிற பொருள் யாருடையது?

பிரிட்டிஷ் மியூசியத்தில் சுமார் 80 லட்சம் பொருள்கள். காட்சியில் இருப்பது ஒரு சதவீதம் அளவுதான். கிரீஸ் தன் பார்த்தினான் சிற்பங்களைக் கேட்கும்போதெல்லாம் வரும் பதில்களில் ஒன்று, 'இங்கே உலகமே வந்து இலவசமாகப் பார்க்கிறது' என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மயிலாடுதுறையிலிருந்து ஒருவர் அந்த இலவசத்தை அனுபவிக்க வேண்டுமென்றால் விசா கட்டணமே நூறு பவுண்டுக்கு மேல். பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பளச் சான்று, விமான டிக்கெட் எல்லாம் தனி. உலகத்துக்கு இலவசம் என்பதில் உலகம் எது என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் பத்தூர் நடராஜரைச் சொல்லாமல் போக முடியாது. 1976ல் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பத்தூரில், பாழடைந்த சிவன் கோயிலுக்கு அருகே மண்ணைத் தோண்டிய ஒரு கூலித் தொழிலாளிக்குச் சிலைகள் கிடைத்தன. அதில் இருந்த நடராஜர் கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். 1982ல் ஒரு கனடா கம்பெனி அவரை வாங்கியது. சிலையைச் சரிபார்க்கப் பிரிட்டிஷ் மியூசியத்தில் கொடுத்திருந்தபோது லண்டன் போலீஸ் கைப்பற்றியது. வழக்கு நடந்தது. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி லண்டன் கோர்ட்டில் சாட்சி சொன்னார். சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும் பத்தூர் மண்ணையும் ஒப்பிட்டார்கள்.

வழக்குப் போட்டவர்களில் இந்திய அரசும் தமிழக அரசும் இருந்தன. கூடவே கோயிலும் இருந்தது. ஆம், கோயிலே! கம்பெனி என்பது சட்டப்படி ஒரு தனி நபர் என்று சாலமன் வழக்கைச் சொல்லி வகுப்பில் நடத்துவார்களே, அதே போல இந்தியச் சட்டத்தில் கோயிலும் ஒரு நபர். பூஜை நின்று போய் இடிந்து கிடந்த அந்தக் கோயில் லண்டன் கோர்ட்டில் வழக்காடலாம் என்று 1991ல் அப்பீல் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. காசு கொடுத்து வாங்கிய கம்பெனி தோற்றது, கல் கோயில் ஜெயித்தது. அதே வருடம் நடராஜர் ஊர் திரும்பினார். ஆனால் பத்தூருக்கு அல்ல. திருட்டுப் பயத்தால் திருவாரூர் சிலைப் பாதுகாப்பு மையத்தில் பல ஆண்டுகள் பூட்டுக்குள் இருந்தார். லண்டனில் இருந்தால் லட்சம் பேர் பார்த்திருப்பார்களே என்று இதை வைத்துக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. சாமி காட்சிப் பொருளாக இருக்க வேண்டுமென்று பத்தூரில் யாரும் கேட்கவில்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

லண்டன் போகிறவர்கள் பிரிட்டிஷ் மியூசியத்தின் அமராவதி அறையை விட்டுவிடாதீர்கள். கிருஷ்ணா நதிக்கரை பௌத்த ஸ்தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள். வால்டர் எலியட் 1845ல் தோண்டி மெட்ராஸுக்குக் கொண்டுவந்தார். பல வருடம் வெயிலிலும் மழையிலும் வெளியே கிடந்து, 1859ல் கப்பல் ஏறின. பிற்பாடு தோண்டியவற்றில் பெரும் பகுதி மெட்ராஸிலேயே தங்கிவிட்டது. விசா கிடைக்காதவர்கள் எழும்பூர் மியூசியத்தில் பார்க்கலாம். அங்கே டிக்கெட் உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை.