'வேண்டாம்' என்ற சொல்லும் ராணுவ வழக்கறிஞரும்

திருப்புறத்தில் முதியவர் ஒருவரை ஊரார் பட்டாளக்காரர் என்றே அழைப்பர். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் படைமுகாமில் இந்தியும் பேசியவர். பணிக்காலத்தில் ஒருமுறை விசாரணையொன்றில் சாட்சி சொன்னார். அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, இந்தியில் வாசித்துக் காட்டப்பட்டது, கையொப்பமிட்டார். "நான் சொன்னதுதான் அதில் இருந்ததா என்று இன்றும் தெரியாது" என்பார்.

1954ஆம் ஆண்டின் ராணுவ விதிகள் வகுத்த முறையே அது. சாட்சியச் சுருக்கம் ஆங்கிலத்தில் பதிவாக வேண்டும். ஆங்கிலம் அறியாதவருக்கு அவருக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட வேண்டும். புரியும் மொழி தாய்மொழியாக இருக்க வேண்டியதில்லை. பந்தியில் 'வேண்டாம்' என்பது எல்லையோரத் தமிழில் பணிவான விலக்கு. கோப்பில் அதுவே 'மறுத்தார்' என்றாகிவிடலாம்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. கட்டளையிட்டும் உணவு உண்ணவில்லை என்ற குற்றத்துக்காக ரஞ்சித் தாக்கூர் என்ற படைவீரருக்கு ஓராண்டுச் சிறையும் பணிநீக்கமும் விதிக்கப்பட்டன. அவர் எந்த அதிகாரிமீது புகார் அளித்திருந்தாரோ, அவரும் தீர்ப்பளித்தவர்களுள் இருந்தார். உச்ச நீதிமன்றம் 1987இல் அதை ரத்துச் செய்தது. அவ்வழக்கை விசாரித்தது சுருக்க ராணுவ நீதிமன்றம். அங்கே கட்டளை அதிகாரியே நீதிமன்றம். சட்டத்துறையின் பார்வைக்குக் கோப்பு பின்னரே செல்லும். பொது ராணுவ நீதிமன்றத்தில் மட்டுமே ஜட்ஜ் அட்வகேட் கட்டாயம் உடனிருப்பார். சட்டத்தை எடுத்துரைப்பார், வாக்களிக்கமாட்டார்.

இப்போது படை மாறுகிறது. கூட்டுப் படை அமைப்புகளின் தளபதிகளுக்கு முப்படையினர்மீதும் ஒழுங்கு அதிகாரம் தரும் 2023ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மே 10 முதல் நடைமுறையில் உள்ளது. எனினும் ஒவ்வொருவரும் தத்தம் படைச் சட்டத்துக்கே உட்பட்டவர். எனவே அங்கு அறிவுரை கூறும் சட்ட அதிகாரி மூன்று சட்டங்களையும் அறிந்திருக்க வேண்டும். ராணுவச் சட்டப் பிரிவில் ஆண்களுக்கு 6, பெண்களுக்கு 3 என இடங்களைப் பிரித்ததை 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பொதுத் தரவரிசையே வேண்டும் என்றது.

யார் சட்ட அதிகாரியாகலாம் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அவர் யாருடைய சொல்லை, எந்த மொழியில் கேட்பார் என்பதே எஞ்சியுள்ளது. பயிற்சியில் மொழிபெயர்ப்பைச் சோதிக்கும் திறனும், கோப்பில் சாட்சியின் சொந்தச் சொற்களும் இடம்பெற்றால், பட்டாளக்காரரின் ஐயம் அடுத்த தலைமுறைக்கு நேராது.