17 வயதும் 900 யூரோவும்

பல்லேபொலவிலிருந்து வந்த அந்தத் தந்தை மிளகு வியாபாரி. நெதர்லாந்தின் முதல்தர உதைபந்தாட்ட லீக்கான எரெடிவிசியில் ஆடும் கழகமொன்று தம் மகனைச் சேர்த்துக்கொண்டதாகச் சொல்லும் கடிதத்தை என் மேசையில் விரித்தார். மகனுக்கு வயது 17. சம்பளம் மாதம் 900 யூரோ. கடிதத்தைக் கொண்டுவந்த முகவர் 12 லட்சம் ரூபாய் வாங்கியிருந்தார். விசா வரவேயில்லை.

"காசக்கூட விடுங்க ஐயா. மகன் இப்ப பந்தத் தொடுறதே இல்ல."

பொலிஸார் இதைக் கொடுக்கல் வாங்கல் பிணக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 136(1)(அ) பிரிவின் கீழ் நீதவானிடம் தனிப்பட்ட முறைப்பாடு செய்தோம்.

மோசடி வழக்கில் சிக்கல் எப்போதும் ஒரே இடத்தில்தான். வாக்குத் தவறுவது மட்டும் குற்றமல்ல. தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவுப்படி, காசை வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். எதிரி தரப்பும் அதைத்தான் பிடித்துக்கொண்டது: உண்மையாக முயன்றார், கைகூடவில்லை. முகவர் உரிமம் இல்லையே என்றும் கேட்க முடியவில்லை. ஃபிபா 2015இல் அந்த உரிம முறையையே கைவிட்டிருந்தது.

லீக்கின் நடைமுறையைத் தேடிப் படித்தபோதுதான் வழி திறந்தது. ஃபிபாவின் 19ஆம் விதி, 18 வயதுக்குக் குறைந்தவரை வேறு நாட்டுக் கழகத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. பெற்றோர் உதைபந்தாட்டம் சாராத காரணத்துக்காக அந்நாட்டில் குடியேறுவது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. பல்லேபொலப் பையனுக்கு அவற்றில் எதுவும் பொருந்தாது. சம்பளமும் இடித்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வரும் 20 வயதுக்கு மேற்பட்ட வீரருக்கு எரெடிவிசியின் சராசரிச் சம்பளத்தில் 150 சதவீதமாவது கொடுத்தால்தான் நெதர்லாந்தில் வேலை அனுமதி கிடைக்கும். 18, 19 வயதினருக்கு அது 75 சதவீதம். அதுவே ஆண்டுக்கு இலட்சக்கணக்கான யூரோ. இலங்கைப் பையனை 900 யூரோவுக்கு எடுக்க அங்கே எந்தக் கழகத்துக்கும் வழியில்லை.

பையன் சாட்சி சொன்ன நாளை என்னால் மறக்க முடியாது. "ஐரோப்பாவில் ஆடும் தகுதி உமக்கு இருக்கிறதென்று நீரே நம்பினீரா?" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டார். பையன் தலை குனிந்துவிட்டான். எழுந்து ஆட்சேபித்தேன். அவன் திறமை அங்கே விசாரணையில் இல்லை. அவனை நம்பவைத்தவருடைய சொல்தான் இருந்தது. நீதவான் அந்தக் கேள்வியை நீக்கினார். ஆனாலும் அவன் முகம் தெளியவில்லை.

எதிரி கூண்டேறியதும், ஐரோப்பியக் கழகங்களோடு எத்தனை வருட அனுபவம் என்று மட்டும் கேட்டேன். பத்து வருடம் என்றார் பெருமையாக. சர்வதேச இடமாற்றச் சான்றிதழை யார் கொடுப்பார்கள் என்றேன். "நானே எடுத்துக் கொடுப்பேன்." அதை ஒரு நாட்டுச் சம்மேளனம்தான் இன்னொன்றுக்கு அனுப்பும், 2010 முதல் ஃபிபாவின் கணினி முறை வழியாக மட்டும். பத்து வருட அனுபவம் உண்மையென்றால், நடக்காது என்று தெரிந்தே காசு வாங்கினார். பொய்யென்றால், அந்தப் பொய்யைச் சொல்லித்தான் காசு வாங்கினார். எப்படிப் பார்த்தாலும் 398 பொருந்தியது.

403ஆம் பிரிவின் கீழ் குற்றவாளியாகக் கண்ட நீதிமன்றம், ஒத்திவைத்த சிறைத்தண்டனையோடு நட்டஈடும் விதித்தது. காசு தவணை தவணையாக வந்து சேர்ந்தது.

2023இல் ஃபிபா பரீட்சை வைத்து மீண்டும் முகவர் உரிமம் கொடுக்கத் தொடங்கியது. இப்போது இப்படியொரு கடிதத்தோடு யார் வந்தாலும், உரிமம் பெற்றோர் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடிவிட்டு, பையனின் வயதையும் கடிதத்திலுள்ள சம்பளத்தையும் கேட்கிறேன்.