விண்டோஸா, லினக்ஸா? எங்கள் அலுவலகத்துக்கு சர்வர் போட்ட கதை



போன வாரம் நம் 1996 பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் கேட்டிருந்தான்: "டீச்சர், கடை, குடோன் ரெண்டும் சேர்த்து 14 கம்ப்யூட்டர் இருக்கு. எல்லார் ஃபைலும் ஒரே இடத்துல இருக்கணும். விண்டோஸ் சர்வர் போடவா, லினக்ஸ் போடவா? உங்க ஆபீஸ்ல எதைப் போட்டீங்க?" பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது. சரி, எல்லோருக்கும் உதவட்டும் என்று இங்கேயே போடுகிறேன். பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவங்களுக்கு சர்வரைப் பற்றி என்ன தெரியும் என்று எங்கள் மாப்பிள்ளை சிரிப்பார். சிரிக்கட்டும். ஓய்வுக்குப் பிறகு நான் உறுப்பினராக இருக்கும் அறக்கட்டளைக்கு இரண்டு பள்ளிகள், ஒரு மாணவியர் விடுதி, ஓர் அலுவலகம், 16 கம்ப்யூட்டர். எதைப் போடுவது என்று முடிவு செய்த மூன்று பேரில் நானும் ஒருத்தி.

முதலில் நான் ஏன் இதில் பிடிவாதமாக இருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் படித்த ஒரு பெண் வேறோர் அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலையில் இருந்தாள். அங்கே எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. அந்த பாஸ்வேர்டும் திரைக்குக் கீழே காகிதத்தில் ஒட்டியிருக்கும். கட்டண நிலுவைப் பட்டியலில் சில பேருடைய தொகை மாறியிருந்தது. யார் மாற்றினார்கள்? ஃபைலைக் கேட்டால் அந்தப் பொதுப் பெயரைத்தான் சொல்லும். அலுவலகத்தில் இளையவள், தற்காலிக ஊழியர், கேட்க ஆள் இல்லாதவள் அவள்தான். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவள் செய்யவில்லை என்று அவளாலும் காட்ட முடியவில்லை, செய்தாள் என்று அவர்களாலும் காட்ட முடியவில்லை. என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "டீச்சர், நான் தொடவே இல்லைன்னு எப்படி நிரூபிப்பேன்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. சந்தேகம் வந்தால் அது எப்போதும் இளைத்தவர் தலையில்தான் போய் விழும்.

அதனால் எங்கள் அறக்கட்டளையில் பேச்சு வந்தபோது, விலையைக் கேட்பதற்கு முன்பே ஒன்று சொன்னேன்: ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. இதற்கு ஒத்துவராத எதுவும் வேண்டாம்.

இங்கே இரண்டு வேலைகள் இருக்கின்றன. கடைக்காரர்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவார்கள். ஒன்று, ஃபைல்களை ஒரே இடத்தில் வைப்பது. இன்னொன்று, வந்து கேட்கிற ஆள் யார் என்று பார்த்து உள்ளே விடுவது. முதல் வேலையை எந்தப் பெட்டியும் செய்யும். இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது. 16 கம்ப்யூட்டரிலும் தனித்தனியாகப் பெயர்களைப் பதிந்தால், ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது 16 இடத்தில் அழிக்க வேண்டும். யாராவது ஒன்றை விட்டுவிடுவார்கள். அதற்குப் பதிலாக எல்லோர் பெயரும் ஒரே பதிவேட்டில் இருந்து, எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் அந்தப் பதிவேட்டைக் கேட்டே உள்ளே விட்டால், அதற்கு டொமைன் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் 2000-இல் கொண்டுவந்த ஆக்டிவ் டைரக்டரி என்பது அப்படி ஒரு பதிவேடுதான்.

மூன்று கொட்டேஷன் வந்தன. முதலாவது விண்டோஸ் சர்வர். சர்வருக்கு ஒரு லைசென்ஸ், அதைப் பயன்படுத்தும் ஒவ்வோர் ஆளுக்கோ கம்ப்யூட்டருக்கோ தனியாக இன்னொரு லைசென்ஸ். மூன்றிலும் விலை அதிகம் இதற்குத்தான். சின்ன அலுவலகங்களுக்கென்று 25 பேர் வரைக்கும் எசென்ஷியல்ஸ் என்று ஒரு பதிப்பு இருக்கிறது. அதற்கு ஆள் கணக்கு லைசென்ஸ் தேவையில்லை. கொட்டேஷன் கொடுத்தவர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை, நாங்கள் கேட்டபிறகுதான் சொன்னார். இரண்டாவது, நாஸ் என்கிற ஹார்ட் டிஸ்க் பெட்டி. ஐந்தாறு பேர் இருக்கிற அலுவலகம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்குங்கள் என்பேன். மூன்றாவது லினக்ஸ், டெபியன், அதன்மேல் சாம்பா என்கிற மென்பொருள். லைசென்ஸுக்குக் காசே இல்லை.

காசே இல்லை என்றதும் தலைவர் முகம் மலர்ந்தது. ஆனால் எங்கள் கம்ப்யூட்டர்களில் பாதிக்கு மேல் விண்டோஸ் ஹோம் பதிப்பு. ஹோம் பதிப்பை எந்த டொமைனிலும் சேர்க்க முடியாது. சர்வர் விண்டோஸாக இருந்தாலும் சரி, லினக்ஸாக இருந்தாலும் சரி. ப்ரோ பதிப்புக்கு மாற்றக் காசு கட்டியே ஆக வேண்டும். கடையைக் கேட்ட தம்பி, உன் 14 கம்ப்யூட்டரில் என்ன பதிப்பு இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பார்.

கூகுள் டிரைவில் போட்டுவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். இருக்கிற ஃபைல்களெல்லாம் யாரோ ஒரு குமாஸ்தாவின் சொந்த ஜிமெயிலில் கிடக்கின்றன. அவர் நாளை ஊர் மாறினால் என்ன செய்வது என்று கேட்டேன். பேச்சு அதோடு நின்றது.

இந்த சாம்பாவின் கதை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவர் 1990-களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கியது. கம்ப்யூட்டர்கள் ஃபைல்களைக் கேட்டு வாங்கப் பேசிக்கொள்ளும் மொழியைக் கம்பி வழியே ஒட்டுக்கேட்டு, அதே மொழியில் பதில் சொல்லும் மென்பொருளை அவர் செய்தார். அந்த மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். இந்த மூன்று எழுத்தும் வரிசையாக வருகிற சொல்லை அகராதியில் தேடி எடுத்ததுதான் சாம்பா. ஆனால் ஆக்டிவ் டைரக்டரி வந்தபின் ஒட்டுக்கேட்பது மட்டும் போதவில்லை. 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் போட்டது. அலுவலக சர்வர்கள் பேசும் மொழியின் விவரத்தைப் போட்டியாளர்களுக்குக் கொடு என்றும் உத்தரவிட்டது. 2007 செப்டம்பரில் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த டிசம்பரில் 10,000 யூரோ கட்டி சாம்பாக் குழுவினர் விவரங்களைப் பெற்றார்கள். 2012 டிசம்பரில் வந்த சாம்பா 4, அந்தப் பதிவேட்டு வேலையையே தானாகச் செய்யத் தொடங்கியது. நம் ஊர் விடுதி வார்டன் காலையில் பாஸ்வேர்டு அடிப்பதற்குப் பின்னால் இவ்வளவு வழக்கு இருக்கிறது!

கடைசியில் லினக்ஸைத்தான் எடுத்தோம். ஆனால் காசுக்காக இல்லை. கோயம்புத்தூரில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் நம் பழைய மாணவன் ஒருவன் அமைத்துத் தருகிறேன் என்றான். "லினக்ஸ்னா வைரஸ் வராது, நிக்காது டீச்சர்" என்று அடுக்கினான். அதெல்லாம் இருக்கட்டும்டா, சனிக்கிழமை ராத்திரி நின்றுபோனால் யார் வருவார்கள் என்று கேட்டேன். அவனை விட்டால் எங்கள் ஊரிலேயே சாம்பா தெரிந்தவர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். நேரில் போய்ப் பார்த்துப் பேசிய பிறகுதான் கை தூக்கினேன். அந்த இரண்டு பேரும் விண்டோஸ் மட்டும் தெரிந்தவர்களாக இருந்தால், கூடுதல் காசு கொடுத்து விண்டோஸ் சர்வரே போடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். நிபந்தனை ஒன்றும் போட்டேன்: செய்த ஒவ்வொன்றையும் தமிழில் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். முனகிக்கொண்டே எழுதினான். எழுத்து இன்னும் கோழிக் கிறுக்கல்தான்.

பெட்டி ஒன்றுதான், அதற்குள் இரண்டு மெய்நிகர் சர்வர்கள். ஒன்று பதிவேட்டுக்கு, மற்றது ஃபைல்களுக்கு. இரண்டையும் ஒன்றில் கலக்க வேண்டாம் என்று சாம்பாக்காரர்களே சொல்கிறார்கள். அமைக்க இரண்டு நாள் ஆனது. அதைவிட அதிக நாள் பிடித்தது ஒரு காகித வேலை: எந்த ஃபோல்டரை யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்ற பட்டியல். விடுதிப் பிள்ளைகளின் மருத்துவக் குறிப்புகள் அதுவரைக்கும் டிரைவர் முதல் தலைவர் வரை யாரும் திறந்து பார்க்கிற இடத்தில் இருந்தன. வார்டன், நர்ஸ் இரண்டு பேருக்கு மட்டும் என்றேன். "அறங்காவலருக்குமா கிடையாது?" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். அறங்காவலருக்கும் கிடையாது. பதினாலு வயதுப் பெண்ணுக்கு என்ன மாத்திரை கொடுத்தார்கள் என்பது அவருக்கு எதற்கு?

போட்ட பிறகு வந்த தொல்லைகளையும் சொல்ல வேண்டும். ஒருநாள் ஒரே ஒரு கம்ப்யூட்டர் மட்டும் யாரையும் உள்ளே விடவில்லை. பாஸ்வேர்டு சரி, கம்பி சரி. காரணம் உள்ளே இருந்த பட்டன் பேட்டரி செத்து, கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருந்தது. இந்த முறையில் பாஸ்வேர்டு கம்பி வழியே போவதே இல்லை. ஆள் யார் என்று தெரிந்ததும் தேர்வு ஹால் டிக்கெட் மாதிரி, சில மணி நேரம் செல்லும் ஒரு சீட்டைக் கொடுக்கிறது. அந்தச் சீட்டைக் காட்டித்தான் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் போவது. கெர்பரோஸ் என்று பெயர், அமெரிக்காவில் எம்ஐடியில் உருவானது. இரண்டு கடிகாரத்துக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சீட்டு செல்லாது. பேட்டரியை மாற்றி நேரத்தைச் சரிசெய்ததும் வேலை செய்தது.

அடுத்தது நம் தமிழால் வந்தது. ஒரு ஃபைலை மட்டும் சர்வரில் போட முடியவில்லை. அதன் பெயர், "விடுதி மாணவியர் உணவுக் கட்டண நிலுவைப் பட்டியல் திருத்தப்பட்டது தலைவர் பார்த்தது இறுதி புதியது". லினக்ஸில் ஃபைல் பெயருக்கு 255 பைட்தான் எல்லை. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒரு குறியீட்டுக்கு மூன்று, அதிலும் "வி" என்றால் எழுத்து ஒன்று, குறி ஒன்று என்று ஆறு பைட். விண்டோஸில் இந்தத் தொல்லை இவ்வளவு சீக்கிரம் வராது. இதை எந்தக் கொட்டேஷனிலும் யாரும் சொல்ல மாட்டார்கள். தமிழில் பெயர் வைக்கிறவர்கள் சுருக்கமாக வையுங்கள். "இறுதி புதியது" என்று எழுதியவர் யார் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாவது, பழைய ஜெராக்ஸ் மிஷின். ஸ்கேன் செய்ததை சர்வருக்கு அனுப்பவில்லை. அதற்குப் பழைய எஸ்எம்பி ஒன்று மட்டும்தான் தெரியும். சர்வரில் அதைத் திறந்துவிடுங்கள் என்றார் மெக்கானிக். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவி, இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளையே முடக்கிய வானாக்ரை வைரஸ் அந்த வழியாகத்தான் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தாவியது. முடியாது என்று சொல்லிவிட்டோம். இப்போது ஸ்கேன் எல்லாம் பென் டிரைவில் ஏறி நடந்து வருகிறது.

நாலு மாதம் போயிருக்கும், ஒரு திங்கட்கிழமை முன்னாள் மாணவர் நன்கொடை ஃபோல்டரையே காணோம். அலுவலகத்தில் எல்லோர் கண்ணும் புதிதாகச் சேர்ந்திருந்த பையன் மேல் போனது. அவன் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அந்தத் திண்ணை ஞாபகம் வந்தது. சர்வரில் யார் எதைத் திறந்தார், நகர்த்தினார், அழித்தார் என்று எழுதி வைக்கும் வசதியை முதலிலேயே போடச் சொல்லியிருந்தோம். எடுத்துப் பார்த்தால், சனிக்கிழமை சாயங்காலம் 5.40-க்கு ஃபோல்டரை இழுத்துப் பக்கத்து ஃபோல்டருக்குள் போட்டிருக்கிறார் மேலாளர். மவுஸ் வழுக்கியிருக்கும். அவரே சிரித்துவிட்டு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அந்தப் பையன் டீயைக் குடிக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

பேக்கப் பற்றிக் கேட்பீர்கள். சர்வருக்குள் இரண்டு டிஸ்க் ஜோடியாக ஓடுகின்றன. ஒன்று செத்தால் மற்றது தாங்கும். ஆனால் அது பேக்கப் ஆகாது. தவறி அழித்தால் இரண்டிலும் சேர்ந்துதான் அழியும். வெள்ளிக்கிழமைதோறும் வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்துச் செயலாளர் வீட்டுக்குக் கொண்டுபோகிறார். ஃபைல்களை எடுத்தால் மட்டும் போதாது, பெயர்ப் பதிவேட்டையும் தனியாக எடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ஃபைலைத் திருப்பி எடுத்துத் திறந்து பார்க்கிறோம். இந்த மாதம் என் முறை.

அந்த நோட்டையும் ஃபோல்டர் பட்டியலையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். பாஸ்வேர்டு எதுவும் அதில் இல்லை. வேண்டுகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், அனுப்புகிறேன். கடை வைத்திருக்கிற தம்பி, ஹோம் எத்தனை, ப்ரோ எத்தனை என்று எண்ணி எனக்கு எழுது. உங்கள் ஊரில் கூப்பிட்டால் வருகிறவர் பெயர் இரண்டையும் சேர்த்து எழுது.