மறதியா? முதலில் காதைப் பாருங்கள்



ஓய்வு பெற்றவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு மறதியில் வந்து நிற்கிறது. ஒருவர் சுடோகு போடச் சொல்வார். இன்னொருவர் வல்லாரைக் கீரை என்பார். எல்லாம் நல்லதுதான். ஆனால் காதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. டிமென்ஷியா என்னும் மறதி நோய்க்கு, நம்மால் மாற்றக்கூடிய காரணங்கள் 14 என்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, குடி, உடலுழைப்பு இல்லாமை, தலையில் அடிபடுதல், தனிமை எல்லாம் அதில் உண்டு. இவற்றைச் சரிசெய்தால் சுமார் 45 சதவீத நோயைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாமாம். பட்டியலில் அதிகப் பங்குள்ளவற்றில் ஒன்று காது கேளாமை.

ஆசிரியர்களுக்கு இது புரியும். கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு விழிக்கும். மந்தம் என்பார்கள். முன் பெஞ்சுக்கு மாற்றி உட்கார வைத்தால் பதில் வரும். காதில் விழாதது மனதில் எப்படிப் பதியும்? பெரியவர்களுக்கும் அதே கதைதான்.

வயதானால் முதலில் போவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள். உயிரெழுத்து காதில் விழும், மெய்யெழுத்து மங்கிவிடும். 'காசு' என்றால் 'காது' என்று கேட்கும். அதனால்தான் "சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னு புரியல" என்கிறார்கள். விட்டுப்போனதை ஊகிப்பதிலேயே மூளை களைத்துவிடுகிறது. பிறகு மனிதர் பேச்சையே குறைத்துக்கொள்கிறார்.

என் வீட்டுக்காரர் கல்யாண வீடுகளுக்கு வருவதை நிறுத்தினார். எதைக் கேட்டாலும் ஒரு "ம்". மூத்தவன் போனில், "அம்மா, அப்பாவுக்கு மறதி வந்துடுச்சோ?" என்று அழாத குறையாகக் கேட்டான். எனக்கும் இரண்டு நாள் தூக்கமில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் ஒரு காதில் அடைத்திருந்த அழுக்கை எடுத்தார். பிறகு கேட்கும் திறன் சோதனை. இரண்டு காதிலும் குறைவு என்று தெரிந்தது.

கருவி வாங்கினோம். முதல் இரண்டு வாரம் "தட்டு வைக்கிற சத்தம் இடி மாதிரி இருக்கு" என்று கழற்றி பீரோவில் வைத்துவிடுவார். தினம் அரை மணி, ஒரு மணி என்று பழக்கினோம். ஒரு நாள் பேத்தி போனில் சொன்ன கதைக்குச் சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தார். சாவியை இப்போதும் தேடுகிறார். ஆனால் டீக்கடை அரட்டைக்குப் போகத் தொடங்கிவிட்டார்.

கருவி போட்டால் மறதி நோயே வராது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரிடம் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நோய் வரும் ஆபத்து அதிகமுள்ளவர்களிடம், மூன்று ஆண்டுகளில் அறிவாற்றல் சரிவு சுமார் பாதியளவு குறைந்தது.

நாம் செய்யக்கூடியவை:

1. அறுபது தாண்டினால் கண்ணைப் போலவே காதையும் சோதியுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கெனப் பிரிவு உண்டு.

2. தீக்குச்சி, ஊக்கு, பட்ஸ் எதையும் காதில் விடாதீர்கள்.

3. பெரியவர்களிடம் கத்தாதீர்கள். டிவியை அணைத்துவிட்டு, முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள்.

4. தினமும் நடங்கள், முடிந்தால் பேச்சுத் துணையோடு. பிரஷர், சர்க்கரை மாத்திரையைத் தவறவிடாதீர்கள். வண்டியில் ஹெல்மெட் போடுங்கள்.

5. தெரிந்த தெருவில் வழி தவறுவது, பணம் எண்ணத் தடுமாறுவது போன்றவை இருந்தால் காதோடு நிறுத்தாமல் நரம்பியல் மருத்துவரையும் உடனே பாருங்கள்.

மூக்குக் கண்ணாடி போட நாம் வெட்கப்படுவதில்லை. காதுக் கருவிக்கு மட்டும் ஏன்? இன்று உங்கள் அம்மா, அப்பாவிடம் ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். பதிலாக வெறும் "ம்... ம்..." மட்டும் வந்தால், கோபப்படாமல் காது மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

உங்கள் வீட்டு அனுபவத்தையும் எழுதுங்கள்.