ராஜகுளத்தில் ஒரு மொழிப்பாடம்

உத்திரமேரூர் என்றதும் குடவோலைக் கல்வெட்டே யாவர் நினைவிலும் எழும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில், ஊர்ச்சபைத் தேர்தலுக்கு வகுத்த விதிகள் அங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. ராஜகுளத்துக்கு வீடு சந்திக்கப் புறப்பட்ட நாம், வழியில் இறங்கி அச்சுவரின் முன் கால்மணி நேரம் நின்றோம். நம் தாய்மொழிதான், ஆயினும் ஓரிரு எழுத்துக்கு மேல் படிக்க இயலவில்லை. வெட்கத்தோடு வண்டியேறினோம்.

அந்த வெட்கம் ராஜகுளத்தில் உடனே பயன்பட்டது. அறுவடை முடிந்த வயல்களைக் கடந்து நாம் நுழைந்த முதல் வீட்டின் திண்ணையில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். செவிலியர் கல்லூரியில் இறுதியாண்டு மாணவி. ஜெர்மனியில் செவிலியராகப் பணியாற்ற அம்மொழியில் பி-2 நிலைத் தேர்ச்சி பொதுவாகக் கேட்கப்படுகிறது. அதற்கான வகுப்புக்குத் தாயின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டியிருந்தார்கள். முதல் நிலைத் தேர்விலேயே இருமுறை தவறிவிட்டாள்.

"சாமி, இந்த மொழியிலே சூரியன் பெண்பால், நிலா ஆண்பால். பெண்பிள்ளையோ இரண்டுமில்லையாம்! எப்படிப் படிக்கிறது?"

நமக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டோம். குருமடத்தில் கிரேக்கம் கற்ற நாள்கள் நினைவுக்கு வந்தன. நள்ளிரவு வரை உருப்போட்ட வினைச்சொல் வாய்பாடு விடிந்ததும் பறந்துவிடும். முதல் தேர்வில் நாம் பெற்றது நூற்றுக்குப் பதினெட்டு. உடன் பயின்றோர் விளையாடப் போகும் நேரத்தில் கோவிலின் கடைசி இருக்கையில் புத்தகத்தோடு ஒளிந்திருந்ததும் உண்டு. இதை அவளிடம் மறைக்காமல் சொன்னோம்.

1812இல் எல்லிஸ் துரையின் முயற்சியால் சென்னையில் அமைந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியைப் பற்றியும் சொன்னோம். அரசுப் பணிக்கு வந்த ஆங்கில இளைஞர்கள் அங்கே நம் புலவர்களிடம் தமிழும் தெலுங்கும் கற்றுத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. ழகரம் நாவில் புரளாமல் தவித்தோர் எத்தனை பேரோ! அக்கல்லூரி 1824இல் அச்சிட்ட சதுரகராதி யாருடையது? 1680இல் இத்தாலியில் பிறந்து, முப்பது வயதை ஒட்டித் தமிழைத் தொடங்கிய வீரமாமுனிவருடையது. தம்மைப் போல் அயல்நாட்டிலிருந்து வந்த குருக்களுக்காக அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் தரங்கம்பாடியில் அச்சிட்டவர்கள் லுத்தரன் சபையார். அவரோடு கடுமையாக வாதிட்டவர்களே அவர்கள்! நல்ல இலக்கணம் எதிரிக்கும் வேண்டியிருந்தது.

பெண் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்குக் கிரேக்கம் பிறகு எப்படி வந்தது, சாமி?"

வந்தது என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. கதவு திறந்தது என்று மட்டும் சொல்லலாம். ஒருநாள் மத்தேயு நற்செய்தியில் பரலோக மந்திரத்தை மூலமொழியில் கண்டோம். பொருள் முன்பே நெஞ்சில் இருந்ததால் சொற்கள் ஒவ்வொன்றாய் அதனதன் இடத்தில் வந்தமர்ந்தன. வாய்பாடு அதன் பின்னரே பிடிபட்டது. அதையே அவளும் செய்து பார்க்கச் சொன்னோம்.

கைப்பேசியில் அந்த ஜெபத்தைத் தேடி எடுத்தாள். விளக்கேற்றும் வேளை, வீட்டார் முழந்தாளிட்டனர். தமிழில் சொல்லி முடித்ததும் அவள் மெல்லிய குரலில் "ஃபாட்டர் உன்சர்" என்று தொடங்கினாள். மூன்றாம் அடியில் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

மூலையிலிருந்த ஆயா நம் பக்கம் குனிந்து, "இதுவும் நம்ம மந்திரந்தானா, சாமி?" என்று கேட்டாள்.