எட்டு விளக்குகள்

சென்ற பருவத்தில், எங்கள் பள்ளி நூலகக் கணினிக்கு 30 மீட்டர் நெட்வொர்க் கேபிளை நாங்களே செய்யும் வாய்ப்புக் கிட்டியது. கேபிளினுள்ளே இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிக் கம்பிகள். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்று சிஸ்டர் கரும்பலகையில் எழுதினார்கள். நாங்களோ அவசரத்தில், பச்சைகள் இரண்டையும் நீலங்கள் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, இரு முனைகளிலும் கனெக்டரை அழுத்திவிட்டோம். பிறகுதான் தவறு புரிந்தது. ஆயினும் டெஸ்டரில் எட்டு விளக்குகளும் வரிசையாக எரியவே, வாய் திறக்கவில்லை. பாராட்டும் பெற்றோம்!

மறுநாள் நூலகத்தில் இணையம் தள்ளாடியது. மனம் உறுத்தவே, சிஸ்டரிடம் உண்மையைச் சொன்னோம். அவர்கள் சினக்கவில்லை.

“கம்பி முனைக்கு முனை சேர்ந்திருக்கிறதா என்பதை மட்டுமே இந்த விளக்குக் காட்டும். மூன்றாவதும் ஆறாவதும் ஒரே முறுக்கின் ஜோடியாக இருக்கவேண்டும். ஜோடி மாறினால் ஒன்றின் செய்தி மற்றொன்றில் கலந்துவிடும்” என்றார்கள்.

இரு முனைகளையும் வெட்டிவிட்டு மீண்டும் செய்தோம். விளக்குகள் முன்போலவே எரிந்தன. ஆனால் இம்முறை அவற்றை நாங்கள் தலைநிமிர்ந்து பார்த்தோம்.